சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

அக்கா மகள் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சித்திரையில் கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் என்ஜினுக்கு, மின்பொறி தெறித்து எரிபொருளைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக் கட்டாயம் வேண்டும், டீசல் என்ஜினுக்கு வேண்டாம் என்ற வரியை இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொன்னாள். ஒரு மதிப்பெண் கேள்விக்கான பதில். நான் பக்கத்தில் வாழைத்தார் ஒன்றைச் சீப்புச் சீப்பாக அரிந்துகொண்டிருந்தேன். "பிளக் இல்லாமலும் பெட்ரோல் என்ஜின் ஓடும். நான் பார்த்திருக்கிறேன்" என்றேன். எங்கே, எப்போது என்று கேட்டாள். வீரவநல்லூரில் நடந்ததை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஓடியது இல்லை மாமா, கெட்டுப்போனது" என்று சொல்லிப் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. தேர்வில் அவள் எழுதப்போகும் பதிலும் சரியானதுதான். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. ஓடுவதற்கும் கெட்டுப்போவதற்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் வைத்திருந்த காட்சிக்கு அவள் சட்டென்று ஒரு பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஏன் பொருந்தவில்லை என்று கேட்டிருந்தால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

வீரவநல்லூர், 1991 மே

அப்பாவிடம் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. உர வியாபாரத்துக்காகத் திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே அதில்தான் அலைவார். பதினோராம் வகுப்பு முடிந்திருந்த கோடை அது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பேட்டையைத் தாண்டியதிலிருந்தே வண்டி இழுக்க மறுத்தது. பத்தமடை வந்தபோது என்ஜின் சூடு காலில் அடித்தது. சேரன்மகாதேவியில் நிறுத்திச் சற்று ஆறவைத்தோம். வீரவநல்லூரில் சாலையோர வேப்பமரத்தடியில் கடை வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் ஒருவழியாகக் கொண்டுபோய் நிறுத்தி, அப்பா சாவியைத் திருப்பினார். என்ஜின் நிற்கவில்லை.

அப்பா சாவியை வெளியே எடுத்துப் பார்த்தார், மறுபடி செருகித் திருப்பினார், மறுபடி எடுத்தார். வண்டி அதைப் பொருட்படுத்தவே இல்லை. சுவிட்சில் கோளாறு, பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட் எர்த் ஆகி நிற்கவில்லை என்றுதான் அவர் நினைத்தார். அந்த இடத்தில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அண்ணாச்சி வந்தார். ஒன்றும் பேசாமல் குனிந்து என்ஜினுக்குக் காதைக் கொடுத்தார். பிறகு கையை நீட்டிப் பிளக் கேப்பைப் பிடுங்கினார். கறுப்புக் கேப்பும் அதன் வயரும் அவர் கையில் இருந்தன. பிளக்கின் வெறும் தலை வெயிலில் மின்னியது. மின்சாரம் வர வேறு வழி எதுவும் இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பத்துப் பதினைந்து விநாடிகளைத்தான் இன்றுவரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் பிடித்துக்கொண்டது அதன் சத்தம். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஐட்லிங்கில் அது ஒருபோதும் சீராகப் பேசாது. இரண்டு அடி அடிக்கும், ஒன்றை விழுங்கும், மறுபடி மூன்று அடிக்கும். எங்கள் வண்டியும் வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்குக் கேப்பைப் பிடுங்கிய பிறகு அந்தத் திக்கல் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு சுற்றும் அடித்தது, ஒன்றையும் விழுங்கவில்லை. தையல் மெஷின் ஓடுவதுபோல அவ்வளவு ஒழுங்கு. பிறகு சுருதி மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. ஆக்சிலேட்டரில் யாரும் கைவைக்கவில்லை. அது தானாக ஏறியது. அண்ணாச்சியின் முகம் மாறியது அப்போதுதான். கையிலிருந்த துணியைச் சுருட்டி, காற்றையும் பெட்ரோலையும் கலந்து உள்ளே அனுப்பும் கார்ப்பரேட்டரின் வாயில் அழுத்தினார். மூச்சு அடைபட்ட என்ஜின் இரண்டு முறை உதறிவிட்டு நின்றது.

"எது அண்ணாச்சி எரிய வைத்தது?" என்று கேட்டேன். "சூடுதான் தம்பி" என்றார். சாயங்காலம் ஹெட்டைக் கழற்றியபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பதநீர் காய்ச்சிய பானையில் அடிப்பிடித்ததுபோலப் பிஸ்டன் தலையிலும் ஹெட்டின் குழிவிலும் கரி தடித்துக் கிடந்தது. மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்து அந்த வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும். சூடேறிய கரி அடுப்புக் கங்குபோல உள்ளேயே கனன்றிருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும் என்றார். கரியைச் சுரண்டி, சீலை மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு வண்டி சாவிக்குக் கட்டுப்பட்டது. பழையபடி திக்கவும் தொடங்கியது.

பள்ளி திறந்ததும் இயற்பியல் ஆசிரியரிடம் சொன்னேன். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை, கேப் முழுதாகக் கழன்றிருக்காது என்றார். வெயிலில் மின்னிய அந்தப் பிளக் தலையைப் பார்த்தவன் நான். வகுப்பில் அதற்கு மேல் வாதாட முடியவில்லை.

எளிதில் பற்றுவது, தானாகப் பற்றுவது

இந்த விஷயத்தில் எல்லோரையும் குழப்புவது ஒன்று உண்டு. தரையில் சிந்திய டீசலில் தீக்குச்சியைப் போட்டால் பெரும்பாலும் குச்சி அணைந்துபோகும். பெட்ரோல் அப்படியில்லை, அதன் ஆவி தொலைவிலிருக்கும் நெருப்பைக்கூட எட்டிப் பிடிக்கும். அப்படியானால் பிளக்கின் உதவி டீசலுக்குத்தானே வேண்டும், பெட்ரோலுக்கு எதற்கு? நெருப்பைக் காட்டினால் பற்றுவது ஒரு குணம், நெருப்பே காட்டாமல் சூட்டில் தானாகப் பற்றுவது வேறொரு குணம் என்று தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு இது தெளிந்தது. பெட்ரோல் முதலாவதில் முந்தும், இரண்டாவதில் பிந்தும். டீசலின் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள், காய்ந்த தென்னை ஈர்க்கைப் போல. சூட்டில் எங்கே வேண்டுமானாலும் ஒடியும். ஒடிந்த துண்டுகள்தான் தீயைத் தொடங்கி வைக்கின்றன. நல்ல பெட்ரோலில் இருப்பவை குட்டையான, கிளைத்த மூலக்கூறுகள், கருவேல முள்ளைப் போல. அவ்வளவு எளிதில் ஒடியாது. அந்தப் பிடிவாதத்தைத்தான் ஆக்டேன் எண் என்று அளக்கிறார்கள். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று இரண்டு முனைகளை வைத்துக்கொண்டு, எந்தப் பெட்ரோல் எவ்வளவு தூரம் தானாகப் பற்ற மறுக்கிறது என்று பார்ப்பது அந்த அளவு.

காற்றை அமுக்கினால் சூடேறும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்துப் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். முப்பது டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கினால் கணக்குப்படி அது 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் என்ஜினைப்போல இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் 550ஐத் தாண்டும். பெட்ரோல் தானாகப் பற்றுவதற்குச் சுமார் 250 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும் என்கின்றன அட்டவணைகள். அப்படியென்றால் சாதாரண மோட்டார் சைக்கிளிலேயே, பிளக் இல்லாமலே, பெட்ரோல் பற்றியிருக்க வேண்டும். பற்றாததற்குக் காரணம் நேரம். பற்றுவதற்கு முன் மூலக்கூறுகள் ஒடிந்து, சேர்ந்து, மறுபடி ஒடிந்து ஒரு தயாரிப்பு நடக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் என்ஜினில் பிஸ்டன் கீழிருந்து மேலே வர 10 மில்லி விநாடிதான் ஆகிறது. அதிலும் உச்சச் சூடு இருப்பது கடைசிச் சில மில்லி விநாடிகள் மட்டுமே. அதற்குள் தயாரிப்பு முடியாது. அந்தக் காத்திருப்பை வெட்டி, இப்போது எரி என்று சொல்வது பிளக். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிற அந்தக் கணத்தை டைமிங் என்று எல்லா மெக்கானிக்குகளும் சொல்வதில் எவ்வளவு சரி இருக்கிறது என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 3000 சுற்றில் ஒரு மில்லி விநாடி தவறினால், பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டு 18 டிகிரி தள்ளிப்போய்விடும். முன்னால் தவறினால், ஏறி வரும் பிஸ்டனின் தலையில் வெடிப்பு இறங்கும்.

ஆகவே பெட்ரோல் என்ஜினுக்குச் சூடு கிடைக்க நூறு வழிகள் உண்டு. சரியான நேரம் கிடைப்பதுதான் கடினம். வீரவநல்லூரில் எங்கள் வண்டிக்குச் சூடு இருந்தது, நேரமும் ஏதோ பத்து விநாடிக்கு வாய்த்திருந்தது. அது எப்படி வாய்த்தது என்ற கேள்விதான் மிச்சம்.

மில் டிரைவரின் சொட்டுக் குழாய்

தாத்தாவின் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். ஆற்றங்கரையை ஒட்டி ஒரு ரைஸ் மில் இருந்தது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அங்கே மின் மோட்டார் வந்துவிட்டது, ஆனால் பழைய எண்ணெய் என்ஜினின் ராட்சத வீல் பின்புறத்தில் துருப்பிடித்து நின்றுகொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் தாத்தா கதை சொல்வார். அதில் பிளக்கும் கிடையாது, பெரிய அமுக்கமும் கிடையாது. இன்றைய பெட்ரோல் என்ஜினில் பாதிகூட அமுக்காது. சிலிண்டரின் தலையில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். காலையில் மில் டிரைவர் வந்து ஊது விளக்கை ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் அந்தக் குமிழைச் சிவக்கச் சிவக்கச் சுட வைப்பார். பிறகு வீலை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு விளக்கு தேவையில்லை. எரிகிற எண்ணெயே குமிழைச் சூடாக வைத்திருக்கும். சூடான குமிழ் அடுத்த சொட்டு எண்ணெயை எரிக்கும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டுவர்ட் 1890களில் செய்துகாட்டிய முறை இது.

தாத்தா சொன்னதில் நான் அப்போது கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் இருக்கிறது. நெல் வரத்துக் கூடி என்ஜினுக்குப் பாரம் ஏறினால் குமிழ் அளவுக்கு மீறிச் சிவந்துவிடும், என்ஜின் சுத்தியலால் அடிப்பதுபோல உள்ளேயிருந்து அடிக்கத் தொடங்கும். உடனே டிரைவர் ஒரு சின்னக் குழாயைத் திறந்து, உள்ளே போகிற காற்றில் தண்ணீரைச் சொட்டவிடுவாராம். அடி அடங்கும். நெல் குறைந்தால் குழாயை மூடுவார், இல்லாவிட்டால் குமிழ் ஆறி என்ஜின் நின்றுவிடும். நாள் முழுவதும் காதால் கேட்டு, சொட்டை எண்ணி, அந்த மனிதர் செய்துகொண்டிருந்தது என்ன? பிளக் செய்கிற வேலையைத்தான். எரிய வைப்பதைக் குமிழ் பார்த்துக்கொண்டது, எப்போது எரிவது என்பதை அவர் பார்த்துக்கொண்டார். நிமிடத்துக்குச் சில நூறு சுற்றே சுற்றிய மெதுவான என்ஜின் என்பதால் ஒரு மனிதனின் காதும் கையும் அதற்குப் போதுமாக இருந்தன.

அது எண்ணெய் என்ஜின்தானே, பெட்ரோல் இல்லையே என்று அக்கா மகள் கேட்பாள். பெட்ரோலின் கதையும் பிளக்கோடு தொடங்கவில்லை. காட்லீப் டெய்ம்லர் 1885இல் ஓட்டிய முதல் மோட்டார் சைக்கிளில் மின்பொறி கிடையாது. சின்ன விளக்கு ஒன்றால் சுட்டுச் சிவக்க வைத்த குழாயொன்று சிலிண்டருக்குள் திறந்திருந்தது. அமுக்கப்பட்ட கலவை அதற்குள் புகும்போது பற்றிக்கொண்டது. அந்தக் குழாய் இருக்கைக்கு நேர் கீழே இருந்ததால், மகன் ஓட்டிப் பார்த்தபோது இருக்கையே தீப்பிடித்தது என்று சொல்வார்கள். உயர் மின்னழுத்த மேக்னெட்டோடு சேர்ந்த பிளக்கை பாஷ் தொழிற்சாலையில் காட்லோப் ஹோனோல்ட் 1902இல் கொண்டுவந்த பிறகுதான் அந்தச் சூட்டுக் குழாய்கள் மறைந்தன. இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ருடால்ஃப் டீசல் 1893 ஆகஸ்டில், ஆக்ஸ்பர்க்கில் தன்னுடைய முதல் என்ஜினைச் சோதித்தபோது, அமுக்கிச் சூடேற்றிய காற்றுக்குள் செலுத்திய எரிபொருள் பெட்ரோல். பிளக் இல்லாமலே அது பற்றியது. பற்றிய வேகத்தில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் என்ஜினின் முதல் தீயே பெட்ரோல் தீ என்பதை யாரும் பாடப்புத்தகத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் என் கேள்வி தீரவில்லை. டெய்ம்லரின் குழாய் ஒரு கங்கு, மில்லின் குமிழ் ஒரு கங்கு, எங்கள் வண்டியின் கரியும் ஒரு கங்கு. அண்ணாச்சி சொன்னது அதோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சத்தம் முடியவில்லை. கெட்டுப்போன என்ஜின் ஏன் பிளக் வைத்து ஓடியதைவிடச் சீராக ஓடியது?

கோளாறுக்குள் இருந்த ஒழுங்கு

ஆடி மாதத்தில் ஒரு நாள், வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, ஜப்பானிய ஆய்வாளர் ஷிகெரு ஓனிஷியும் அவருடைய கூட்டாளிகளும் 1979இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினின் அதே திக்கல். இரண்டு ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை முழுவதும் வெளியேறாது. மெதுவாக ஓடும்போது பாதிக்கு மேல்கூட உள்ளேயே தங்கிவிடும். அந்தப் புகை புதுக் கலவையோடு கலந்திருப்பதால் பிளக்கின் பொறி சில சுற்றுகளில் பரவாமல் செத்துவிடுகிறது. அதுதான் விழுங்குகிற அடி. ஆனால் அதே புகை சூடாகவும் இருக்கிறது. அதன் சூட்டையும் அளவையும் சரியாகப் பிடித்தால், கலவை பிளக்கிலிருந்து ஓரமாகப் பரவி எரியாமல், சிலிண்டர் முழுவதும் ஒரே சமயத்தில் தானாகப் பற்றுகிறது. அப்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வித்தியாசமே இல்லாமல் என்ஜின் ஓடுகிறது என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். எரிபொருளும் குறைவு, புகையும் குறைவு.

படித்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன். பதினாறு வயதில் நான் கேட்டது உண்மையான ஒழுங்கு. என் காது பொய் சொல்லவில்லை. அன்று உள்ளே கங்கும் இருந்திருக்கும், சூடான புகையும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று இனி யாரும் அளக்க முடியாது. ஆனால் திக்கல் நின்று ஒவ்வொரு சுற்றும் அடித்த அந்தச் சில விநாடிகளுக்கு, உலகத்தில் சிலர் ஆய்வுக்கூடத்தில் பாடுபட்டுப் பிடித்த ஒன்று வீரவநல்லூர் வேப்பமரத்தடியில் தானாக வந்து போயிருக்கிறது. சுருதி ஏறத் தொடங்கிய கணத்தில்தான் அது கெட்டுப்போனது. அக்கா மகளிடம் நான் சொல்லத் திணறியது இதைத்தான்: ஓடியதும் உண்மை, கெட்டதும் உண்மை, இரண்டும் வெவ்வேறு விநாடிகள்.

பிறகு இதை வண்டிகளிலும் வைத்துப் பார்த்தார்கள். ஹோண்டா 400 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை இந்த முறையில் செய்து 1995 கிரனாடா–டக்கார் பந்தயத்தில் ஓட்டியது. மொத்தத்தில் ஐந்தாம் இடம். 2019இல் விற்பனைக்கு வந்த மாஸ்டாவின் ஸ்கைஆக்டிவ்-எக்ஸ் கார் என்ஜின் பெட்ரோலை 16.3க்கு ஒன்றாக அமுக்கி, பெரும்பாலான நேரம் டீசலைப்போல அமுக்கத்தால் பற்ற வைக்கிறது. இவை எல்லாவற்றிலும் பிளக் இருக்கிறது. மாஸ்டாவில் பிளக்கின் சின்னத் தீ ஒன்று உள்ளே விரிந்து அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, அந்தக் கூடுதல் அழுத்தத்தில் மிச்சக் கலவை தானாகப் பற்றுகிறது. நேரம் சொல்லும் வேலை அப்போதும் பிளக்குக்குத்தான். நம் ஊர்ச் சாலைகளை நினைத்துப் பார்த்தாலே காரணம் தெரியும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் இரவெல்லாம் நனைந்த வண்டியை விடிகாலையில் உதைத்தால் உள்ளே சூடு ஏது? மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது முழு ஆக்சிலேட்டரில் சூடு அளவுக்கு மீறும், கலவை முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனைத் தின்னும். நடுவில் இருக்கிற மிதமான ஓட்டத்தில் மட்டும் பெட்ரோல் தானாக, அழகாக எரிகிறது. ஆறின நேரத்துக்கும் கொதிக்கிற நேரத்துக்கும் பிளக் வேண்டும்.

உவரியிலும் இடிந்தகரையிலும் வள்ளத்தில் போகிறவர்கள் வெளிப்பொருத்து என்ஜினைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட எளிதில் தானாகப் பற்றும். ஆனாலும் அந்த என்ஜின்களில் பிளக் உண்டு, அமுக்கத்தையும் வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். கடலுக்குப் போகும்போது மாற்றுப் பிளக் இல்லாமல் போகமாட்டேன் என்று உவரி நண்பர் ஒருவர் சொல்வார். கரையை விட்டு அவ்வளவு தூரம் போனவருக்கு, என்ஜின் தன் விருப்பத்துக்கு எரியும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

போன மாதம் அக்கா மகளை அழைத்துக்கொண்டு வீரவநல்லூருக்குப் போனேன். வேப்பமரம் இல்லை, சாலை அகலமாகிவிட்டது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். அண்ணாச்சி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வண்டி அவருக்கு நினைவில்லை. அந்த மாதிரி வண்டிகள் கோடைக்கு இரண்டாவது வரும் என்றார். அக்கா மகள் ஓனிஷியைப் பற்றியும் மாஸ்டாவைப் பற்றியும் அவருக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "பிளக்கை எடுத்துவிட்டார்களா?"

"இல்லை தாத்தா, இருக்கிறது."

தலையை ஆட்டினார். மகனைக் கூப்பிட்டு ஒரு பழைய பிளக்கைக் கேட்டு வாங்கினார். இடைவெளி வைத்துப் பழக்கம் உண்டா என்று அவளைக் கேட்டார். புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்றாள். கம்பித் தூரிகையையும் அளவுத் தகட்டையும் அவள் கையில் கொடுத்தார். அவள் கரியைத் துடைத்து, தகட்டைச் செருகி, வளைந்த முனையை இலேசாகத் தட்டி, மறுபடி செருகிப் பார்த்தாள். இறுக்கம் என்றார் அண்ணாச்சி, பார்க்காமலே. அவள் வாசலுக்குப் போய், பிளக்கை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த மெல்லிய கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.